விலை குறைவு, செலவு எவ்வளவு?

இரண்டு கதவுகள் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சிங்கப்பூரில் குறைந்த விலைக்கு வருகிறது. வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாகப் பணம் சேமித்திருக்கும் இளையருக்கு அதை விட்டுவிட மனம் வராது. ஆனால், விலை ஏன் குறைந்தது என்பதை அவர் முதலில் அறிய வேண்டும்.

சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாகன உரிமைச் சான்றிதழ் தேவை. 1990இல் அறிமுகமான இச்சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். பிறகு அதை 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தால், மீண்டும் நீட்டிக்க இயலாது. அவ்வாறு புதுப்பிக்கப்பட்ட கார் ஒன்றில் 2 ஆண்டுகளே எஞ்சியுள்ளன. விலை 24,000 வெள்ளி என வைத்துக்கொண்டால், மாதத்திற்கு 1,000 வெள்ளி ஆகிறது. 4 ஆண்டுகள் எஞ்சியுள்ள மற்றொரு காரின் விலை 36,000 வெள்ளி என்றால், மாதத்திற்கு 750 வெள்ளிதான். விலை கூடிய காரே உண்மையில் மலிவானது!

செலவு அதோடு முடிவதில்லை. 10 ஆண்டுகளைக் கடந்த காருக்குச் சாலை வரி படிப்படியாக 50 விழுக்காடு வரை கூடுகிறது. ஆண்டுதோறும் பரிசோதனையும் உண்டு. ரப்பர் குழாய்களில் விரிசல் ஏற்பட்டுக் குளிர்நீர் கசிந்தால், இயந்திரமே பழுதாகலாம். அனுபவம் குறைந்த ஓட்டுநருக்குக் காப்புறுதிக் கட்டணமும் அதிகம்.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பவருக்குத் தொடர்பில்லாத பட்டறையில் காரைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பழுதுபார்ப்புக்கெனத் தனியாக ஒரு தொகையை ஒதுக்க முடியுமா என்றும் கணக்கிட வேண்டும். முடியுமென்றால், ஆசைப்படுவதில் தவறில்லை. முடியாவிட்டால், யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகிவிடும்.