சூரியக் காப்புக் களிம்பின் இலக்கம் எதைச் சொல்கிறது?

கோடை தொடங்கியதும் மருந்தகங்களின் தட்டுகளில் 15, 30, 50, 50+ என இலக்கமிட்ட சூரியக் காப்புக் களிம்புகள் நிறைந்துவிடுகின்றன. பெரிய இலக்கத்தை வாங்கிக் காலையில் ஒருமுறை பூசினால் நாள் முழுவதும் போதும் என்று பலர் கருதுகின்றனர். கறுத்த தோலுக்கு இது தேவையே இல்லை என்பது எம்மவரிடையே உள்ள இன்னொரு கருத்து. முதலாவது தவறு, இரண்டாவதில் பாதியே உண்மை.

தோலைப் பாதிக்கும் புறஊதாக் கதிர்களில் பி வகை தோலை எரித்துச் சிவக்கச் செய்கிறது. ஏ வகை ஆழமாக ஊடுருவிச் சுருக்கங்களையும் கருமைத் திட்டுகளையும் உண்டாக்குகிறது. சாதாரண யன்னல் கண்ணாடியையும் அது கடந்து வரும். இரண்டுமே தோற் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். எஸ்.பி.எஃப். என்னும் இலக்கம் தோல் எரிவதைத் தடுக்கும் ஆற்றலை, அதாவது பெரும்பாலும் பி வகைக்கு எதிரான காப்பையே அளக்கிறது. 15 என்பது எரிக்கும் கதிர்களில் ஏறத்தாழ 93 வீதத்தையும், 30 என்பது 97 வீதத்தையும், 50 என்பது 98 வீதத்தையும் தடுக்கும். இலக்கம் இரட்டித்தாலும் தடுப்பு இரட்டிப்பதில்லை. ஏ வகைக் காப்புக்கு, வட்டத்துக்குள் பொறித்த 'யூ.வி.ஏ.' குறியைத் தேடுங்கள். அந்தக் காப்பு எஸ்.பி.எஃப். இலக்கத்தின் மூன்றில் ஒரு பங்காவது இருக்கவேண்டும் என 2006இல் ஐரோப்பிய ஆணையம் பரிந்துரைத்தது.

ஆய்வுகூடத்தில் இந்த இலக்கம் கணிக்கப்படும்போது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் களிம்பு பூசப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் முழு உடலுக்கு இது சுமார் 36 கிராம், ஆறு தேக்கரண்டி அளவு. அப்படிப் பூசினால் 200 மில்லிலீற்றர் குழாய் ஐந்தாறு தடவைகளில் தீர்ந்துவிடும்! நம்மில் பெரும்பாலோர் பூசுவது இதில் பாதிகூட இல்லை. ஆகவே குழாயில் எழுதிய காப்பு தோலில் கிடைப்பதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரு விரல் நீளக் களிம்பு வேண்டும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்தாலோ நீராடினாலோ உடனேயும் மீண்டும் பூசவேண்டும்.

கறுத்த தோலிலுள்ள மெலனின் எரிவைக் குறைக்கிறது என்பது உண்மையே. ஆனால் கன்னங்களில் படரும் மங்கு எம்மவருக்கு எளிதில் வரும். ஏ வகைக் கதிர்களோடு கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதைக் கூட்டுகிறது. இரும்பு ஒக்சைட் சேர்ந்த நிறமூட்டிய களிம்பு இதற்குக் கூடுதலாக உதவும். மங்கை மறைக்க வெளுப்பூட்டும் களிம்பை நாடுவோர் கவனிக்க வேண்டும். ஹைட்ரோகுயினோன், பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடைசெய்யப்பட்டவை. கடுமையான ஸ்டீராய்டுக் களிம்புகள் மருத்துவரின் சீட்டு இன்றி வாங்கத்தக்கவை அல்ல. அவை நாளடைவில் தோலை மெலியச் செய்யும். சேர்பொருட் பட்டியல் இல்லாத குழாயை எவர் தந்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசுபவராயின் வெட்கப்படாமல் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில் நண்பகல் 12 மணியை ஒட்டிச் சூரியன் உச்சிக்கு வரும். இங்கோ கோடை நேரமாற்றத்தால் உச்சிவெயில் பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன்பே அமைகிறது. எனவே 12 முதல் 16 மணி வரை நிழலே சிறந்தது. ஜோர்ஜ் வல்போன் பூங்காவில் விளையாடுவோரும், லாச்சப்பல் தேரின் பின் நடப்போரும் தொப்பியும் நீண்ட கை ஆடையும் அணிவது நன்று. கைக்குழந்தைகளை நேர் வெயிலில் வைத்திருக்கவே கூடாது. களிம்பு நிழலுக்கு ஈடாகாது.

குழாயின் பின்புறம் திறந்த டப்பாவின் படத்தில் '12' என்றிருந்தால், திறந்தபின் 12 மாதங்களே அது பயன்படும். சென்ற கோடையில் காருக்குள் வெந்துகிடந்த குழாயை எறிந்துவிடுங்கள்.