தினமும் பருக தரமான பதநீர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஆனி மாதத்தில், தென்காசி வட்டாரத்தில் பதநீர் பருவம் முடிவுக்கு வருகிறது. குறைந்த செலவில் கிடைக்கும் இந்தப் பானம் ஒருமுறை புளித்திருந்தால், வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

பனஞ்சாற்றில் சுமார் 12 சதவீதம் சர்க்கரை உள்ளது. ஈஸ்ட் நுண்ணுயிர் அதைச் சில மணி நேரத்திலேயே நொதிக்க வைக்கும். பிரான்ஸின் போர்டோ பகுதியில் திராட்சைச் சாறு ஒயினாவதும் ஈஸ்டால்தான். அங்கே அது பெரிய தொழில். இங்கே பனஞ்சாறு நொதித்தால் கள்; தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளது. எனவே, கலயத்தில் தடவும் சுண்ணாம்பே பனையேறியின் வருமானத்துக்கும் பாதுகாப்பு.

கலயத்தைத் தினமும் வெந்நீரில் கழுவி, உலர்த்தி, உட்புறம் முழுவதும் புதிய சுண்ணாம்புக் குழம்பைச் சீராகத் தடவ வேண்டும். குறைந்தால் சாறு புளிக்கும். கூடினால் நாக்கு பொத்துவிடும். வெயில் ஏறுமுன் இறக்கி, துணியில் வடிகட்டி, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் விற்கலாம். விற்காததை அன்றே கருப்பட்டியாகக் காய்ச்சிவிடுங்கள்.

வாங்குவோர் காலையிலேயே வாங்குவது நல்லது. நுரையும் புளிப்பு வாடையும் இருந்தால் தவிர்க்கவும். குடித்தபின் நாக்கில் கசப்பு தங்கினால் சாக்கரின் கலந்திருக்கலாம். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே பருக வேண்டும்.