மின்சாரமும் காந்தமும் சேர்ந்து வாழும் பீங்கான்

பீங்கான் என்றதும் நம் நினைவுக்கு வருவது தட்டும் கோப்பையும்தான். ஆனால் நம் சமையலறையில் இருக்கும் கேஸ் லைட்டருக்குள்ளும் ஒரு பீங்கான் துண்டு உண்டு. அதன்மேல் அழுத்தம் விழும்போதுதான் மின்பொறி பறக்கிறது. ஒலிபெருக்கியின் பின்புறமுள்ள கறுப்புக் காந்தமும் பெரும்பாலும் ஒரு வகைப் பீங்கானே. மின் குணம், காந்த குணம் இரண்டையும் ஒரே பொருளில் கொண்டுவர முடியுமா?

முடியும், ஆனால் எளிதல்ல. பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானில் டைட்டானியம் அயனி நடுவிலிருந்து சற்று விலகி நிற்கிறது. அதனால் படிகத்தின் ஒரு முனை நேர்மின்னாகவும் மறுமுனை எதிர்மின்னாகவும் ஆகிறது. மின்புலம் கொடுத்து இத்திசையை மாற்றலாம். மின்புலத்தை எடுத்த பின்னும் மாறிய திசை அப்படியே நிற்கும். இதுவே ஃபெரோஎலக்ட்ரிக் பண்பு. சுமார் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இது மறைந்துவிடும். அயனி இப்படி விலகி நிற்க, அதன் ஒரு குறிப்பிட்ட எலக்ட்ரான் கூடு காலியாக இருப்பது உதவுகிறது. காந்தத்துக்கோ அதே கூட்டில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் வேண்டும். ஆகவே இரு பண்பும் ஒன்றாக அமைந்த பொருள்கள் இயற்கையில் மிகக் குறைவு.

இதற்கு மாற்றுவழியை 1970களில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தினர் காட்டினர். பேரியம் டைட்டனேட்டையும் கோபால்ட் ஃபெரைட் என்ற காந்தப் பீங்கானையும் ஒரே துண்டில் அருகருகே அமைத்தார்கள். காந்தப்புலத்தில் வைத்தால் கோபால்ட் ஃபெரைட்டின் நீளம் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு மாறும். அந்தச் சிறு அசைவு பக்கத்திலுள்ள பேரியம் டைட்டனேட்டை அழுத்த, கேஸ் லைட்டரில் நடப்பதுபோல் மின்னழுத்தம் பிறக்கிறது. தனித்தனியே இரண்டுக்கும் இல்லாத பண்பு இது. சேர்க்கையால் மட்டுமே வந்தது.

கலக்கும் அளவில் கவனம் தேவை. ஃபெரைட்டைக் கூட்டினால் காந்தம் வலுக்கும்; மின்பண்பு குறையும். அதன் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ந்தால் அவ்வழியே மின்சாரம் கசிந்துவிடும். 1000 டிகிரிக்கு மேல் சூளையில் சுடும்போது இரண்டும் வினைபுரிந்து வேறு பொருளாகலாம். ஆறும்போது நுண்விரிசல் விழலாம். பிணைப்பு தளர்ந்தால் அசைவு மறுபக்கம் போய்ச் சேராது.

இத்தனை சிரமம் எதற்கு? கணினி நினைவகத்தில் காந்தத் திசையை மாற்ற இன்று மின்னோட்டம் செலவாகிறது, வெப்பமும் வீணாகிறது. மின்னழுத்தத்தால் மட்டுமே அதைத் திருப்ப முடிந்தால் மின்செலவு பெரிதும் குறையும். மிக மெல்லிய காந்தப்புலங்களை உணரும் கருவிகளுக்கும் இப்பொருள்கள் ஆராயப்படுகின்றன. இவையெல்லாம் கைகூடுவது, கண்ணுக்குத் தெரியாத இரு துகள்களும் தொட்டுக்கொள்ளும் அந்த எல்லை உறுதியாக இருப்பதைப் பொறுத்தது.