“வாய் மட்டும் அசையுது, தாத்தா!”

2025 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குத் திரையில் தெரிந்த ஒன்பது பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: “தாத்தா, வாய் மட்டும் அசையுது. ஒண்ணும் கேக்கலை!”

நாகபுரியில் ரயில்வே சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நம் சங்கத்துக் குடும்பங்களில் பல மாற்றலாகி ராய்ப்பூர், போபால், புசாவல் என்று போய்விட்டதால், பிள்ளைகளுக்கு மடிக்கணினி வழியாகத்தான் தமிழ் வகுப்பு. அன்றைய பாடம் ‘ழ’. மராத்தியில் ‘ள’ உண்டு, ‘ழ’ கிடையாது. எழுத்தைத் திரையில் காட்டிவிடலாம். நாக்கை மடித்து எழுப்பும் ஓசையை எப்படிக் காட்டுவது? செல்போனில் நடத்தலாம் என்றால், அந்தச் சிறு திரையில் பாடமும் ஒன்பது முகங்களும் என் கண்ணுக்குப் பிடிபடாது.

முந்தின வாரம்தான் விண்டோஸ் 10-ஐ மாற்றி 11-ஐ ஏற்றியிருந்தேன். பழையதற்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதே காரணம். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன் திறந்துகூடப் பார்க்காமல், “மதர்போர்டு போயிருக்கும், நாலாயிரம் ஆகும்” என்றான். பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

“முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் போன் சரி பண்ணீங்களே, இதைப் பண்ண முடியாதா?” என்றாள் மனைவி. அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

கண்ட்ரோல் போனில் பேச்சு நின்றால் நாங்கள் எடுத்த எடுப்பில் கருவியைப் பிரிக்க மாட்டோம். பாதி வழியில் ஒரு ஸ்டேஷனில் சோதிப்போம். அதுவரை பேச்சு வந்தால் பழுது அதற்கு அப்பால். இங்கும் அதையே செய்தேன். முதலில் காதில் மாட்டும் ஹெட்செட்டைச் செருகி அதன் மைக்கில் பேசினேன். வகுப்பில் அதுவும் ஊமை. இரண்டு மைக்கும் ஒரே நாளில் சாகாது அல்லவா?

அடுத்து நடு ஸ்டேஷன். செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், இன்புட் பகுதியில் மைக்கைத் தேர்ந்து பேசினேன். ஒலி அளவைக் காட்டும் கோடு துள்ளியது! மைக் உயிரோடு இருக்கிறது. அதை இயக்கும் டிரைவரும் வேலை செய்கிறது. அப்படியானால் பழுது அதற்கும் வகுப்பு நடக்கும் பிரவுசருக்கும் இடையில்தான்.

பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் மைக்ரோபோனைத் திறந்தேன். டெஸ்க்டாப் புரோகிராம்களுக்கு மைக்கைத் தரலாமா என்ற சுவிட்ச் அணைந்து கிடந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. புதிய பதிப்பை ஏற்றிய அன்று, யாரும் ஒட்டுக் கேட்கக்கூடாதென்று அந்தப் பக்கத்தில் பல சுவிட்சுகளை அணைத்தவன் நானேதான்!

தண்டவாள சர்க்யூட்டில் கம்பி அறுந்தால் சிக்னல் சிவப்பாகிவிடும். ஆபத்து வராமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. இங்கும் சிவப்பைப் போட்டவன் நான். போட்டதை மறந்துவிட்டுப் பழுது என்று அலைந்தவனும் நான்.

உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு அசைந்தால் பிரைவசி பக்கத்தையும், பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் உள்ள அனுமதியையும் பாருங்கள். அசையாவிட்டால் சரியான மைக் தேர்வாகியிருக்கிறதா, அதன் ஒலி அளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சில மடிக்கணினிகளில் மைக்கை அணைக்கவே ஒரு விசை உண்டு, கை பட்டிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் டிரைவர். கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதை மட்டும் இறக்குங்கள். ஊர் பேர் தெரியாத தளங்கள் வேண்டாம். எதற்கும் மசியாவிட்டால், பதிப்பை மாற்றிய 10 நாளுக்குள் ரிகவரி பக்கம் வழியாகப் பழையதற்குத் திரும்பலாம். கடைக்காரர் அதற்கும் பிறகுதான்.

அடுத்த ஞாயிறு வகுப்பு நடந்தது. ராய்ப்பூர்ச் சிறுமி முதலில் “வாளைப்பளம்” என்றாள். நான் நாக்கை மடித்துச் சொல்லிக் காட்டினேன். மூன்றாம் முறை “வாழைப்பழம்” சுத்தமாக வந்தது. மற்ற எட்டுப் பேரும் கை தட்டினார்கள். சமையலறையிலிருந்து என் மனைவியும் தட்டினாள். அதுவும் அவர்களுக்குக் கேட்டதாம்!