ரத்தம் எட்டாத இடம்

உடம்பெனும் வீடு – 17

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பிப்பிள்ளை சாலைப் பக்கம் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையம் ஒன்றுக்கு மாதம் ஒரு முறை போவேன். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. அதன் தலைமையகம் இந்த வட்டாரத்தில் இருப்பதால்தான் இத்தனை நிலையங்களும் இங்கே வந்தன. எனக்கு எப்போதும் பிடித்துவிடுபவர் பேச்சே கொடுக்க மாட்டார். இடுப்பில் கட்டைவிரலை வைத்து, முதுகெலும்பை ஒட்டி ஒவ்வொரு கணுவாக மேலே ஏறி, ஓரிடத்தில் நிற்பார். "இங்கதானே ஐயா?" அங்கேதான்.

போன முறை அவராகவே கேட்டார். "வர்றவங்க எல்லாம் ஸ்டெம் செல் ஊசியப் பத்தியே பேசறாங்க. தேஞ்ச ஜவ்வு திரும்ப வளருமாமே, உண்மையா ஐயா? நான் ஜவ்வத் தொட முடியாது. அதச் சுத்தி இருக்கிற சதையத்தான் தொடறேன்."

அதே வாரம் கிள்ளானிலிருந்து என் மைத்துனர் அழைத்தார். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். நாலாவது ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு தேய்ந்து, இரண்டு வருடமாக வலி. ஒரு தனியார் கிளினிக்கின் ஸ்டெம் செல் விளம்பரத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "மச்சான், கேடபிள்யூஎஸ்பி சேமநிதி மூணாவது கணக்குல கொஞ்சம் கிடக்குது. எடுத்துப் போட்ரவா?"

இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல முதலில் ஜவ்வுக்குள் போக வேண்டும்.

நம் முதுகெலும்பில் 23 ஜவ்வுகள். ஒவ்வொன்றும் வெளியே நார் வளையமும் உள்ளே கூழுமாக இருக்கும். சின்ன வயதில் அந்தக் கூழில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். வளர வளர ரத்தக் குழாய்கள் ஜவ்வை விட்டுப் பின்வாங்கிவிடுகின்றன. பிறகு அதன் நடுப்பகுதிக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட நேராகப் போவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்பை மூடியிருக்கும் மெல்லிய தட்டுகளின் வழியே சர்க்கரையும் ஆக்சிஜனும் கசிந்து கசிந்து போய்ச் சேர வேண்டும்.

அந்தக் கசிவைக் கண்ணால் பார்க்க வைத்தவர் ஒரு தமிழ்நாட்டு மருத்துவர். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ்.ராஜசேகரனும் குழுவினரும் ரத்தத்தில் ஒரு சாயமருந்தை ஏற்றி, 24 மணி நேரம் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுத்தார்கள். ரத்தத்தில் உடனே பரவிய சாயம், ஜவ்வின் நடுவுக்குப் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆனது. தட்டு சேதமான இடங்களில் சாயம் பாயும் விதமே மாறிப்போயிருந்தது. இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான உலகப் பரிசு ஒன்று 2004இல் இதற்குக் கிடைத்தது. என்னைக் கேட்டால், ஜவ்வுக்கு ஊசி போட நினைக்கும் ஒவ்வொருவரும் அந்தப் படங்களை ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

சென்ற வாரம் எலும்பு மஜ்ஜை மாற்று பற்றி எழுதியிருந்தேன். மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987இல் தொடங்கி இன்று வரை உயிர் காக்கும் சிகிச்சை அது. அங்கே ஸ்டெம் செல்களை ரத்தத்தில் ஏற்றினால் போதும், மஜ்ஜை என்னும் தங்கள் வீட்டை அவையே தேடிப் போய்க் குடியேறிவிடும். ஜவ்வு அப்படிப்பட்ட வீடு அல்ல. ஏற்கெனவே குடியிருந்த செல்களே பட்டினியில் செத்துக்கொண்டிருக்கும் இடம். ஆக்சிஜன் குறைவு, அமிலம் அதிகம், நாள் முழுக்க உடம்பின் பாரம். அங்கே புதிதாக லட்சக்கணக்கான செல்களைக் கொண்டுபோய் விட்டால் அவை எதைச் சாப்பிடும்?

ஜவ்வுக்கு ஊசியாகப் போடும் இந்தச் செல்களுக்குப் பெயர் வைத்த அமெரிக்க விஞ்ஞானி ஆர்னால்ட் கேப்லனே, 2017இல் அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். 1991இல் இவற்றுக்கு அவர் வைத்த பெயரில் இருந்த 'ஸ்டெம் செல்' என்ற சொல், அவை புதுத் திசுவாக வளரும் என்று மக்களை நம்ப வைத்துவிட்டது என்பது அவர் வருத்தம். அவை பெரும்பாலும் செய்வது வேறு வேலை: சுற்றியிருக்கும் செல்களுக்கு ரசாயனச் சேதி அனுப்பி அழற்சியைத் தணிப்பது. வலி குறைய அது உதவலாம். ஜவ்வு முளைப்பது வேறு கதை.

ஜவ்வுக்கு நடந்த பெரிய சோதனைகளில் ஒன்று, ஆஸ்திரேலியாவின் மெசோபிளாஸ்ட் நிறுவனம் 404 பேரிடம் நடத்தியது. சிலருக்குச் செல், சிலருக்கு வெறும் உப்புநீர். 2021இல் முடிவு வந்தபோது, முதலில் வைத்த இலக்கை அது எட்டவில்லை. வலி தொடங்கிச் சில வருடங்களே ஆனவர்களிடம் வலி குறைந்த அடையாளம் தெரிந்தது. அதை உறுதிசெய்ய இன்னொரு சோதனை தேவைப்பட்டது. நம்பிக்கை இருக்கிறது, நானும் அதை விடவில்லை. ஆனால் விலைப்பட்டியல் போடும் நிலை அல்ல.

கோலாலம்பூரிலேயே ஒரு நல்ல பாடம் உண்டு. டாக்டர் சாவ் காய் யோங் குழுவினர், முழங்கால் குருத்தெலும்புக்கு நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைப் போட்டு, 50 பேரை இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். குருத்தெலும்பின் தரம் செல் போட்ட பிரிவில் மேலாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து எடுத்த மதிப்பெண்ணில், நோயாளிகள் உணர்ந்த நலத்தில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டையும் மறைக்காமல் எழுதினார்கள். விளம்பரத் தாளில் முதல் பாதி மட்டும்தான் வரும்.

படத்துக்கும் வலிக்கும் உள்ள உறவே அப்படித்தான். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் பார்த்தபோது, 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. "தேஞ்சிருச்சு" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து சேமிப்பைக் கரைப்பவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. நேரடி விற்பனையில் வரும் ஸ்டெம் செல் மாத்திரையும் பானமும் இன்னும் கொடுமை. வயிற்றுக்குள் போகும் செல் எதுவும் கோழிக்கறி போலச் செரித்துத்தான் போகும்.

ஆபத்தும் உண்டு. பல நாடுகளுக்குப் போய் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட 66 வயதுக்காரர் ஒருவரின் முதுகுத்தண்டில், வேறொருவருடைய செல்களாலான கட்டி வளர்ந்திருந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 2016இல் பதிவு செய்தார்கள்.

மைத்துனரிடம் சொன்னேன்: "செல்லை வெளியே எடுத்து வளர்த்துப் போடறாங்கன்னா அது மருந்து மாதிரி. பெட்டாலிங் ஜெயாவுல இருக்கிற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு என்பிஆர்ஏல பதிவு எண் இருக்கான்னு கேளுங்க. இல்ல, ஆய்வுன்னா, நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதத்தக் காட்டச் சொல்லுங்க. ஆய்வுக்கு நோயாளிகிட்டயே காசு வாங்கினா அப்படியே திரும்பி வந்துருங்க." கூடவே இன்னொன்றும் சொன்னேன்: சிறுநீர் வராமல் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ யாரையும் கேட்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

அவர் கிளினிக்கில் கேட்டார். பதிவு எண் என்றதும் மறுமுனையில் இருந்த பெண், டாக்டரே கூப்பிடுவார் என்று போனை வைத்துவிட்டாராம். பத்து நாளாகியும் அழைப்பு இல்லை. மைத்துனர் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் சந்தா கட்டுகிறவர், அதனால் மலாக்காவில் உள்ள அவர்களுடைய மறுவாழ்வு மையத்தைப் பற்றி விசாரித்து வைத்திருக்கிறேன். அதற்குள் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோவுக்கு நாள் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை காலை எட்டு மணி. லாரியை மகனிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார், நான்தான் கூட்டிப் போகிறேன்.