பழைய கணினிக்கு எந்தப் பாகம் முதலில்?

எங்கள் வீட்டுக் கணினி 2017ஆம் ஆண்டு நானாவின் விளையாட்டுக்காக வாங்கப்பட்டது. இன்டெல் கோர் ஐ5 7400 புரோசசர், 8 ஜிபி ரேம், என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்ட், 1 டிபி வன்தட்டு. அன்று அது நல்ல கணினி. இன்று நானா விளையாடும்போது காட்சிகள் விக்கி விக்கி நகர்கின்றன. உயர்தர ஐசிடி பாடத்துக்குப் பைதன் பயிற்சி செய்ய நான் அமர்ந்தால், கணினி திறக்கவே மூன்று நிமிடங்கள் ஆகின்றன.

கடையில் கேட்டபோது, கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொன்னார்கள். வாப்பாவோ, "ஒரு சாமானுக்குத்தான் சல்லி தருவன். எதென்டு ரெண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

முதலில் சல்லி தேவைப்படாத வேலைகளைச் செய்தோம். பெட்டியைத் திறந்து, விசிறிகளில் படிந்திருந்த தூசியை அகற்றினோம். புரோசசர் அளவுக்கு மீறிச் சூடானால், தன்னைக் காத்துக்கொள்ள அது தானே வேகத்தைக் குறைத்துவிடும்.

அடுத்து, விளையாட்டு ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். எந்தப் பாகம் மற்றவற்றைக் காக்க வைக்கிறது என்பதை அது காட்டும். கிராபிக்ஸ் கார்ட் 100 சதவீதத்தை நெருங்கினால் தடை அங்கேதான். உறுதிப்படுத்த, விளையாட்டின் திரைத் தெளிவைக் குறைத்துப் பார்க்கலாம். செக்கனுக்கான சட்டகங்கள் கூடினால் கார்ட்தான் காரணம். கூடாவிட்டால் பெரும்பாலும் புரோசசரைச் சந்தேகிக்க வேண்டும். ரேம் நிரம்பிவிட்டால், கணினி வன்தட்டைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும். அது ரேமைவிடப் பன்மடங்கு மெதுவானது என்பதால் காட்சி விக்கும்.

எங்கள் கணினியில் கிராபிக்ஸ் கார்ட் 60 சதவீதத்தையே தொட்டது. ரேம் நிரம்பியிருந்தது, வன்தட்டு 100 சதவீதத்தில் நின்றது. புதிய கார்ட் வாங்கியிருந்தால் அதுவும் சும்மா காத்துத்தான் இருந்திருக்கும். பெரிய கார்டுகளுக்கு வலுவான பவர் சப்ளையும் தேவைப்படும். அது இன்னொரு செலவு.

மீதி இருந்தவை இரண்டு: ரேமா, எஸ்எஸ்டியா? இங்கே இன்னொரு கேள்வி உதவியது. நாளை புதிய கணினி வாங்கினால் இந்தப் பாகம் கூட வருமா? எங்கள் தாய்ப்பலகை டிடிஆர்4 ரேமுக்கானது. டிடிஆர்5 தாய்ப்பலகையில் அது பொருந்தாது. இதே தாய்ப்பலகையில் ஐ7 7700 புரோசசரைப் பொருத்தலாம்தான். ஆனால் அதுவும் விண்டோஸ் 11க்குரிய புரோசசர் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆகவே புரோசசருக்குச் செலவழிப்பதில் பொருளில்லை. சாட்டா எஸ்எஸ்டியையோ கழற்றி அடுத்த கணினியில் பொருத்தலாம்.

வன்தட்டு செக்கனுக்கு ஏறத்தாழ 100 முதல் 150 எம்பி வாசிக்கும். சாட்டா எஸ்எஸ்டி சுமார் 500 எம்பி. சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் அதிகம், ஏனெனில் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஆனால் எஸ்எஸ்டி சட்டகங்களின் எண்ணிக்கையைக் கூட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

குடும்பப் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்த பின்பே எஸ்எஸ்டியை மாற்றினோம். இப்போது கணினி அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. விளையாட்டில் விக்கல் குறைந்திருக்கிறது, முற்றாகப் போகவில்லை. விளையாடும்போது இணைய உலாவியை மூடிவிடுமாறு நானாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ரேமுக்கு இப்போது நானாவே பெருநாள் சல்லியைச் சேர்க்கிறார். எங்கள் கணினியில் 8 ஜிபி ஒற்றைத் துண்டாக இருப்பதால், அதேபோன்ற இன்னொன்றைப் போட்டால் இரண்டும் சேர்ந்து இரட்டைப் பாதையில் இயங்கும். அதுவும் பயன்படுத்தப்பட்டதாக, விலை குறைவாகக் கிடைத்தால் மட்டுமே வாங்குவதாக முடிவு செய்திருக்கிறோம்.