ஒரே உணவு, வேறு குடும்பம்

ஒரே தொழில் செய்வோரெல்லாம் ஒரே குடும்பத்தார் ஆவார்களா? ஹவாய்த் தீவுகளில் ‘மோஹோ’ என்னும் பறவைப் பேரினம் இருந்தது. அதில் நான்கு இனங்கள். வளைந்த அலகால் பூந்தேன் உண்டதால், அறிஞர்கள் அவற்றை ஆஸ்திரேலியத் தேனுண்ணிப் பறவைகளோடு சேர்த்தனர்.

2008-இல், அருங்காட்சியகங்களிலிருந்த பழைய உடல்களின் மரபணுவை ஆராய்ந்தபோது உண்மை விளங்கிற்று. அவை தேனுண்ணிகளின் உறவல்ல. மெழுகுச்சிறகுப் பறவைகளுக்கு நெருங்கியவை. ஒரே உணவுப் பழக்கம், வேறு வேறு வழிவந்த உயிர்களுக்கும் ஒத்த உருவைத் தந்துவிடுகிறது. ஆகவே ‘மோஹோயிடே’ என்னும் தனிக் குடும்பம் வகுக்கப்பட்டது.

ஆனால் அக்குடும்பத்தில் இன்று ஒரு பறவையும் உயிரோடில்லை. காடழிவும், எலியும், கொசு பரப்பிய நோயும் அவற்றை மாய்த்தன. கவாய்த் தீவில் கடைசிக் குரல் 1987-இல் கேட்டது. உறவு இன்னதென்று அறியுமுன்னே இழந்துவிட்டோம், நேயர்களே!